எட்டே முக்கால் புறப்பாடு

முனிராஜுக்கு ஊர் சுற்றுவது பிடிக்காது. இருபத்திரண்டு வருஷமாக அரூரிலிருந்து டூர் நடத்தியும் பெயர் கெடாமல் இருப்பதற்கு அதுதான் காரணம். வேடிக்கை பார்ப்பதில் ஆசை உள்ளவன் டூர் நடத்தினால் பயணிகளோடு தானும் தொலைந்துபோவான். முனிராஜ் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் கடிகாரத்தைப் பார்ப்பார், ஆள் எண்ணுவார், கழிப்பறை எங்கே என்று விசாரிப்பார். தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்குப் பதினெட்டு முறை போயிருக்கிறார். கோபுரம் எந்தப் பக்கம் என்று கேட்டால், கழிப்பறைக்கு எதிர்ப்பக்கம் என்பார்.

கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். ஊரில் அவருக்கு விசில்காரர் என்றே பெயர். டூருக்கு ஒரு மாதம் முன்பே மஞ்சள் தாளில் நோட்டீஸ் வந்துவிடும். அதிகாலை 3.40 பல் துலக்குதல், 4.05 காபி, 4.20 புறப்பாடு என்று நிமிஷ வாரியாக இருக்கும். எல்லா நோட்டீஸிலும் ஒரு விதி மட்டும் மாறாது. எந்த நிகழ்ச்சியாக இருந்தாலும் முடிவதற்குக் கால் மணி நேரம் முன்பு வண்டிக்குத் திரும்பிவிட வேண்டும். கூட்டம் கலைந்த பிறகு கிளம்பினால் வண்டி நகராது. ஒரே ஒருமுறை திருவண்ணாமலை தீபத்தன்று பயணிகள் கெஞ்சியதால் கடைசிவரை இருந்தார். மறுநாள் பகல் பதினொரு மணிவரை பஸ் நின்ற இடத்திலேயே நின்றது. பெரியம்மாள் என்ற பயணியின் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள், பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். அன்றிலிருந்து அந்த விதிக்கு விலக்கே கிடையாது.

அந்த விதியின் முழு பாரத்தையும் சுமந்தவர் அவர் மனைவி குள்ளம்மாள். பெயருக்குச் சம்பந்தமே இல்லாமல் கணவரைவிட அரையடி உயரம். டூரின் சமையல் பொறுப்பு அவருடையது. பயணிகளுக்குக் கால் மணி நேரம் முன்பு என்றால், சோற்று அண்டாவை ஏற்றவேண்டிய குள்ளம்மாளுக்கு அரை மணி நேரம் முன்பு. கன்னியாகுமரியில் சூரியன் பாதி கடலுக்குள் போனதைத்தான் பார்த்திருக்கிறார். மீதிப் பாதி என்ன ஆனது என்று தெரியாது. மைசூருக்கு ஆறு முறை போயும் அரண்மனை விளக்குகள் அணைவதைப் பார்த்ததில்லை. பக்கத்திலிருக்கும் தீர்த்தமலைத் தேர்கூட அவர் கணக்கில் இன்னும் நிலைக்கு வந்து சேரவில்லை.

அவர்கள் மகள் யுவராணி, கணவன் சரத்தோடு ஹவாயில் இருக்கிறாள். இருவருக்கும் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை. போன மாசியில் ஒரு நாள் காலை எட்டு மணிக்கு வீடியோவில் வந்தாள். அங்கே அப்போது முந்தைய நாள் சாயங்காலம். மகள் நேற்றைக்குள் உட்கார்ந்துகொண்டு இன்றைக்குள் இருக்கும் தன்னோடு பேசுவது முனிராஜுக்கு உறுத்தலாகவே இருந்தது. அட்டவணை போடுகிற யாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

"அப்பா, ஜூன்ல ரெண்டு பேரும் வாங்க. ஒரு மாசம் இருங்க. இங்க ஒரு இடம் இருக்குது. சமோவா, டோங்கா, ஃபிஜி, தஹிதின்னு தீவு தீவா ஊரு கட்டி வச்சிருக்காங்க. அந்தந்தத் தீவு சனமே வந்து ஆடிக் காட்டுவாங்க. பகல் பூரா சுத்திப் பாத்துட்டு, சாயங்காலம் விருந்து. ஏழரைக்குப் பெரிய ஆட்டம்."

"எத்தனை மணிக்கு முடியும்?" என்றார் முனிராஜ்.

"இன்னும் பாஸ்போர்ட்டே எடுக்கல, அதுக்குள்ள முடியற நேரமா?" என்று சிரித்தாள் யுவராணி. "ஒம்பது மணிக்கு."

அவ்வளவுதான். முனிராஜ் வேலையில் இறங்கிவிட்டார். மகள் அனுப்பிய வரைபடத்தை ஜெராக்ஸ் கடையில் பெரிதாக்கி சுவரில் ஒட்டினார். எந்தத் தீவிலிருந்து எந்தத் தீவுக்கு எத்தனை நிமிஷ நடை, எங்கே நிழல், எங்கே தண்ணீர் என்றெல்லாம் தினமும் காலையில் மகளைக் கேட்டுக் கேட்டுக் குறித்தார். ஃபிஜிக்கு இருபத்தைந்து நிமிஷம். டோங்காவில் மேளம் மட்டும்தான் என்பதால் பதினைந்து. அங்கே போவது ஒரு செவ்வாய்க்கிழமை. மூன்றிலிருந்து நாலரை ராகு காலம். ஹவாய்க்கு ராகு எந்த நேரத்தில் வருகிறது என்று அவருக்கு உறுதியாகத் தெரியாது. எதற்கும் இருக்கட்டும் என்று அந்த ஒன்றரை மணி நேரத்தைப் படகு சவாரிக்கு ஒதுக்கினார். காலையிலேயே உள்ளே நுழைந்தாகிவிட்டது, படகில் உட்கார்ந்திருப்பது புதிதாக ஒன்றைத் தொடங்குவதாகாது என்பது அவருடைய வாதம்.

குள்ளம்மாள் அரிசி களைந்தபடி கேட்டார். "சமோவாவுல என்னா பாக்கறதுக்கு முக்கால் மணி நேரம்?"

"தேங்கா உரிப்பாங்களாம். கல்லால ஒரே தட்டுல ரெண்டா உடைப்பாங்களாம். மரம் ஏறுவாங்களாம்."

"தேங்கா உடைக்கறதப் பாக்க டிக்கெட்டா? நம்ம ஊட்டுக்கு வந்தா நான் சும்மாவே காட்டுவேன்ல. விருந்துல என்னா?"

"முழு பன்னிய மண்ணுக்குள்ள பொதைச்சு, சூடான கல்லு போட்டு வேக வைப்பாங்களாம்."

குள்ளம்மாளின் கை நின்றது. "மசாலா?"

"உப்பு மட்டும்."

"உப்பு மட்டுமா? எத்தனை நேரம் வேகும்?" இத்தனை நாளில் அந்தப் பயணத்தைப் பற்றி அவர் அக்கறையோடு கேட்ட முதல் கேள்வி அது.

ஒரு வாரத்தில் நோட்டீஸ் அச்சாகி வந்தது. போகிறவர்கள் நான்கே பேர், ஆனால் அச்சகத்தில் நூறுக்குக் குறைந்து அடிக்கமாட்டார்கள் என்பதால் நூறு பிரதி. சமையல்கட்டில் ஒன்று கிடந்தது. இத்தனை வருஷத்தில் குள்ளம்மாள் நோட்டீஸைப் படித்ததில்லை. பயணிகளுக்கு இட்லி எத்தனை மணிக்கு என்று அவருக்கு எப்படியும் தெரியும். இந்த நோட்டீஸில் இட்லி இல்லாததால் படித்தார். கடைசி வரியில் கண் நின்றது. இரவு 7.30 ஆட்டம். 8.45 வண்டிக்குத் திரும்புதல்.

தாளை மடித்து அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் வைத்தார்.

"நான் வரல."

முனிராஜுக்கு முதலில் புரியவில்லை. "பிளேன்னா பயமா?"

"பிளேன் என்னா பண்ணும்? ஒம்பது மணிக்கு முடியற ஆட்டத்துக்கு எட்டே முக்காலுக்கு எதுக்கு எந்திரிக்கணும்? அங்க நான் அண்டா ஏத்தணுமா? இல்ல நாப்பது பேருக்கு எல போடணுமா? கடைசி வரைக்கும் ஒரு ஆட்டம் பாக்கணும். அது முடியாதுன்னா நீங்க மட்டும் போயிட்டு வாங்க. நான் நம்ம ஊட்டுலயே இருக்கறன்."

"குள்ளம்மா, அங்க கடலோரமா ஒரே ரோடு. யுவராணியே சொன்னா. ஆயிரம் வண்டி ஒண்ணா கெளம்பும்."

"கெளம்பட்டும்."

"எட்டு அம்பதுன்னு போட்டுக்கலாமா?"

குள்ளம்மாள் மிளகாய் தாளித்தார். நெடி ஏறி முனிராஜ் வெளியே போய்விட்டார்.

இரண்டு வாரம் வீட்டில் இதே பேச்சுதான். பேச்சு என்பதுகூடத் தவறு. முனிராஜ் பேசுவார், குள்ளம்மாள் எதையாவது தாளிப்பார். கடைசியில் யுவராணி தலையிட்டு, "அம்மா வரலன்னா டிக்கெட்டே போடமாட்டேன்" என்று சொன்ன பிறகு, முனிராஜ் நோட்டீஸில் 8.45-ஐப் பேனாவால் அடித்தார். பக்கத்தில் எதையும் எழுதவில்லை. புது நேரத்தை எழுத அவருக்குக் கை வரவில்லை.

விசாவுக்குச் சென்னை போனார்கள். முனிராஜ் கையில் நில ஆவணம், பாங்க் புத்தகம், மகள் அனுப்பிய கடிதம் எல்லாம் வரிசை எண் போட்ட ஃபைலாக இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள் ஃபைலைத் தொடவே இல்லை. எதற்குப் போகிறீர்கள் என்று மட்டும் மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார். முனிராஜ் வாயைத் திறப்பதற்குள் குள்ளம்மாள் சொல்லிவிட்டார்.

"மகளப் பாக்கறதுக்குங்க. அப்புறம் ஒரு ஆட்டம் இருக்குதாம், அதக் கடைசி வரைக்கும் பாக்கறதுக்குங்க."

மொழிபெயர்ப்பைக் கேட்டு அந்த அம்மாள் சிரித்தார். விசா கிடைத்தது. ஃபைலுக்கு நேர்ந்த அவமானத்தை முனிராஜ் அரூர் வரும்வரை மறக்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை எல்லாம் நோட்டீஸ்படியே நடந்தது. அதுதான் சங்கடம். சமோவாக்காரன் தென்னை உச்சியில் நின்று கையசைத்தபோது முனிராஜ் கடிகாரம் பார்த்துக்கொண்டிருந்தார். தஹிதிப் பெண்கள் இடுப்பை அசைத்தபோது அடுத்த தீவுக்கு வழி விசாரித்துக்கொண்டிருந்தார். விசிலை யுவராணி வீட்டிலேயே பிடுங்கி வைத்துவிட்டதால் கையைத் தட்டித் தட்டி மூன்று பேரையும் நகர்த்தினார். அவர் தட்டுவதைப் பார்த்து அக்கம்பக்கத்து வெள்ளைக்காரர்களும் ஆட்டக்காரர்களைப் பாராட்டிக் கைதட்டினார்கள்.

விருந்தில், குழியைத் திறந்து பன்றியை வெளியே எடுப்பதைக் குள்ளம்மாள் கிட்டத்தில் போய்ப் பார்த்தார். வாழையிலையும் மண்ணும் சேர்ந்த ஆவி முகத்தில் அடித்தது. ஒரு துண்டு சாப்பிட்டார். பிறகு சேப்பங்கிழங்கை இடித்துக் கூழாக்கிய ஒன்றை விரலால் தொட்டு நக்கினார்.

"எப்படிம்மா?" என்றாள் யுவராணி.

"கறி நல்லா வெந்திருக்குது, உப்பே போதும்போல. இது களிதான். கிண்டறதுக்குச் சோம்பல்பட்டு எறக்கிட்டாங்க."

ஏழரைக்கு ஆட்டம் தொடங்கியது. திறந்தவெளி அரங்கு. மேடையில் நிஜமான மலையே இருப்பதுபோல் கட்டியிருந்தார்கள். கடலில் புயலடித்து அண்ணனும் தங்கையும் பிரிந்துவிடுகிறார்கள். அண்ணன் தீவு தீவாகத் தேடிப் போகிறான். போகிற இடத்திலெல்லாம் ஆடிக் காட்டினால்தான் வழி சொல்கிறார்கள். ஒரு வார்த்தை புரியாமலே குள்ளம்மாள் அவனோடு தீவு தீவாகப் போனார். வாய் லேசாகத் திறந்திருந்தது. வாங்கிக் கொடுத்த ஐஸ்கிரீம் கையில் உருகி முழங்கைவரை வந்தும் தெரியவில்லை.

எட்டு நாற்பதுக்கு முனிராஜின் கால்கள் தாமாக ஆடத் தொடங்கின. எட்டு நாற்பத்துநாலுக்கு எழுந்துவிட்டார். மேடையில் தங்கை அந்தப் பக்கம், அண்ணன் இந்தப் பக்கம், நடுவில் வட்டமாக நெருப்பு. மனைவியைப் பார்த்தார். குள்ளம்மாள் அவரைப் பார்க்கவில்லை. வா என்று சொல்ல வாயெடுத்தவர் சொல்லாமல் மூடிக்கொண்டார். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு பயணியை விட்டுவிட்டு அவர் கிளம்பியது அதுதான் முதல் தடவை.

"மாப்பிள்ள, சாவியக் குடுங்க. நான் போய் வண்டியப் பாத்துக்கறன்."

"மாமா, உங்களுக்கு இங்க லைசென்ஸ் கிடையாதே."

"எடுக்கமாட்டன். பக்கத்துல நிப்பன்."

சரத் கொடுத்துவிட்டான். முனிராஜ் இருட்டில் ஆயிரம் வண்டிகளுக்கு நடுவே அவர்கள் வண்டியைக் கண்டுபிடித்து, டிரைவருக்குப் பக்கத்து சீட் என்று நினைத்து இடது பக்கம் ஏறினார். எதிரில் ஸ்டியரிங் இருந்தது. இறங்கி மறுபக்கம் ஏறினார். தூரத்தில் மேளம் வேகம் பிடித்தது. திடீரென்று நின்றது. எங்கும் ஒரே அமைதி. பிறகு ஜனம் மொத்தமும் ஓவென்று கத்தியது. என்ன நடந்திருக்கும் என்று யோசித்தார். கூட்டத்தின் சத்தத்தை வைத்து எத்தனை பேர் என்று அவரால் சொல்லமுடியும். என்ன நடந்தது என்று சொல்லமுடியவில்லை.

அவர் பயந்தபடியே ஆனது. ஆயிரம் வண்டியும் ஒன்றாகக் கிளம்பின. ஒரே ரோடு. நகர்ந்தால் ஒரு முழம், நின்றால் ஐந்து நிமிஷம். "நான் அன்னைக்கே சொன்னன்" என்று சொல்ல முனிராஜுக்கு முழு உரிமை இருந்தது. அவர் திரும்பிப் பின் சீட்டைப் பார்த்தார்.

"அப்புறம் என்னா ஆச்சு?"

குள்ளம்மாள் அவசரப்படவில்லை. ஆட்டத்தை முதலிலிருந்தே ஆரம்பித்தார்.

"அதெல்லாம் நானும் பாத்தன். நெருப்புகிட்ட இருந்து சொல்லு."

"முன்னாடி இருந்து சொன்னாத்தான் வரும். நடுவுல பேசாதீங்க."

புயல் வந்தது. தஹிதி வந்தது. புரியாத பாஷையில் அண்ணன் பேசியதெல்லாம் குள்ளம்மாளின் வாயில் அரூர்ப் பேச்சாக வந்தது. 'எந்தங்கச்சிய எங்கடா வச்சிருக்கீங்க' என்று அவன் டோங்காக்காரர்களை மிரட்டினான். சரத் ஸ்டியரிங்கில் தலை வைத்துச் சிரித்தான். ஒரு மணி நேரத்தில் வண்டி அரைக் கிலோமீட்டர் போனது. கதை நெருப்புக்கு வந்து சேர்ந்தது.

"ரெண்டு பக்கமும் எரியற கோலு. அதச் சுத்தறான் பாருங்க, கண்ணுக்கே தெரியல. மேல வீசறான், புடிக்கறான். மறுபடி வீசறான். கை தவறிக் கோலு கீழ உழுந்துருச்சு..."

"அய்யய்யோ. அப்புறம்?"

குள்ளம்மாள் மகளின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டிருந்தார்.

"நீ சொல்லு யுவராணி."

"நான் மாட்டேன். அம்மாகிட்டயே கேட்டுக்கோங்க."

"மாப்பிள்ள?"

"நான் ரோட்டப் பாக்கறேன் மாமா."

முன்னால் சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாக நகர ஆரம்பித்தன. ரோடு விட்டுவிட்டது. முனிராஜ் பத்து நிமிஷம் பொறுத்தார். அதற்குமேல் முடியவில்லை. கையை நீட்டிக் குள்ளம்மாளின் முழங்காலைத் தட்டினார். டூரில் விடிவதற்கு முன் அடுப்பு மூட்டத்தான் அவர் மனைவியை எழுப்புவார். கதை கேட்க எழுப்புவது புதுசு.

"குள்ளம்மா, ஏய் குள்ளம்மா. கோலு உழுந்துச்சே, அப்புறம்?"

குள்ளம்மாள் கண்ணைத் திறந்து அவரைக் கோபமாகப் பார்த்தார். "என்னாங்க நீங்க! நல்ல கனவு. அந்தத் தங்கச்சி நெருப்பத் தாண்டி வர்ற நேரம். அதுக்குள்ள எழுப்பிட்டீங்களே."

முனிராஜ் கையை இழுத்துக்கொண்டார்.

"சரி, சரி. தூங்கு. முழுசா பாத்துட்டு வந்து சொல்லு. நான் முழிச்சிருக்கறன்."