சாத்தவிடாத சன்னல்கள்

கொரோனாவுக்குப் பிறகு கொடைக்கானலில் நடந்த முதல் நடன விழா அது. என் மகளும் ஆடினாள். மண்டபத்துக் காவலாளி காதுவரை மப்ளர் சுற்றிய ஒல்லியான மனிதர். சன்னல்களையெல்லாம் அவர் அகலத் திறந்து வைத்திருந்ததால் மூடுபனி உள்ளேயே வந்தது. யாராவது ஒன்றைச் சாத்தினால் பேசாமல் வந்து மறுபடி திறந்துவிடுவார்.

"வெளியிலயே ஆடச் சொல்லியிருக்கலாம்" என்று பின்னாலிருந்து ஒருவர் கேலி செய்தார்.

நான் எழுந்து போய், "புள்ளைக வெறைக்குதுங்கண்ணே, சாத்திருங்க" என்றேன்.

"கொரோனா வந்தப்போ கடைசியா இங்க ஒரு கச்சேரி நடந்துச்சும்மா. குளிருதுன்னாங்க, நான்தான் எல்லாத்தையும் சாத்தினேன். என் வீட்டுக்காரியும் உள்ளதான் உக்காந்திருந்தா. மாசம் முடியறதுக்குள்ள போயிட்டா."

நான் என் இடத்துக்குத் திரும்பினேன்.

ஆட்டத்தின் நடுவில் என் மகள் ஒருமுறை இருமினாள். பாட்டுச் சத்தத்தில் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. சன்னலோரம் நின்ற அவர் மட்டும் சட்டென்று மேடைப் பக்கம் திரும்பினார்.

நிகழ்ச்சி முடிந்ததும், நெடுநாள் பார்க்காதவர்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"பாப்பாவ வெரசா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா" என்றார்.

வேறு யாரிடமும் அவர் அப்படிச் சொல்லவில்லை.