மாமாவின் மஞ்சள் உள்ளங்கை

சுனாமிக்கு அடுத்த வருஷம் என்று நினைவு. தீவில், டெலானிபூர் குவார்ட்டர்ஸில் எங்களோடு இருந்த தாய்மாமா சிகரெட்டை விட்டுவிட்டதாக அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அவர் புகை விடுவதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

கப்பல் தாமதமானால் கேரட் கண்ணில் படாத ஊர் அது. என் கண்ணுக்கு நல்லது என்று யாரோ சொல்ல, அம்மா மெயின்லேண்டிலிருந்து கேரட் சத்தான பீட்டா கரோட்டின் மாத்திரையை டப்பா டப்பாவாக வரவழைத்திருந்தாள். விழுங்கப்போனாலே எனக்குக் குமட்டும். அதனால் மாமாவோடு ஓர் ஏற்பாடு. சிகரெட் விஷயத்தை நான் சொல்ல மாட்டேன்; என் மாத்திரைகளை அவர் விழுங்கிவிட வேண்டும்.

"குடு தாயி, நெஞ்சுக்கும் நல்லதாம்ல" என்று வாயில் போட்டுக்கொண்டு அடுத்த சிகரெட்டைப் பற்றவைப்பார். என் சாமர்த்தியத்தில் எனக்கு ஒரே பெருமை. மாமாவுக்கு மருந்து கொடுக்கிறோம் என்ற நினைப்பு வேறு.

சில மாதங்களில் அவர் உள்ளங்கை மஞ்சளாகிவிட்டது. பக்கத்து வீட்டு வங்காளி அம்மா பார்த்துவிட்டு, "பீலியா ஹோ கயா" என்றார். காமாலை என்றதும் அம்மா அழுதே விட்டாள். எல்லோரும் டாக்டரிடம் ஓடினோம்.

டாக்டர் இமையை இழுத்துப் பார்த்தார். விழி வெள்ளையாகவே இருந்தது. "காமாலை இல்லம்மா. கேரட், பப்பாளி, இல்ல அந்தச் சத்து மாத்திரை ஏதும் ரொம்ப சாப்பிடுறாரா? மிச்சமானது தோல்ல தங்கிரும். சிகரெட் உண்டா?"

மாமா என்னை ஒரு பார்வை பார்த்தார். "சிகரெட்ட விட்டு நாளாச்சு. பப்பாளிதான் டாக்டர்."

அன்று சாயங்காலமே அம்மா ஆள் வைத்துக் கொல்லையில் நின்ற பப்பாளி மரத்தை வெட்டினாள். காய்த்துக் குலுங்கிய மரம், பாவம். மாத்திரை மட்டும் நிற்கவில்லை. அதன்பிறகு மாமா உள்ளங்கையை அம்மா கண்ணில் காட்டாமலே சாப்பிட்டு எழுந்தார்.

சில வருஷம் கழித்து நுரையீரலில் புற்று வந்து போய்ச் சேர்ந்தார். நான் இப்போது ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். புகை பிடிப்பவர் உடம்பில் அந்த மாத்திரை வேறு விதமாகச் சிதையும், நுரையீரலுக்கு ஆபத்தைக் கூட்டும் என்று இங்கே வந்துதான் படித்தேன். மாமாவைக் கொண்டுபோனது சிகரெட்டா மாத்திரையா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அதைச் சொல்லி மனசைத் தேற்றப் பார்க்கிறேன். தேற மாட்டேன் என்கிறது.

டாக்டர் முன்னால் அவர் என்னைப் பார்த்தது, சிகரெட்டைக் காட்டிக்கொடுத்துவிடுவேனோ என்ற பயத்தில் என்றே நினைத்திருந்தேன். எனக்கு அடி விழக்கூடாதே என்றுதான் மாத்திரையை மறைத்தார் என்பது அந்த வயதில் எட்டவில்லை. அன்று நான் வாயைத் திறந்திருந்தால் அம்மா கையால் இரண்டு அடி விழுந்திருக்கும், அவ்வளவுதான்.