எட்டு ஆள் சரக்கு

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில், ஐந்தாவது இட்லியைக் கைவிடுவது என்று நான் தீர்மானித்தேன். அவசரத்தில் எடுத்த முடிவல்ல. இரண்டு வாரம் யோசித்தேன். வீட்டில் கலந்து பேசினேன். எதிர்ப்பு ஏதும் எழவில்லை. நான்கு இட்லியோடு நிற்கும் மனிதன் ராயபுரத்தில் பகல் பன்னிரண்டு மணி வரை தாக்குப்பிடிப்பானா என்பதில் எனக்குச் சில ஐயங்கள் இருந்தன. அவற்றையும் ஒதுக்கி வைத்தேன்.

முடிவை முதலில் தெரிவிக்க வேண்டியவர் எங்கள் கம்பெனியில் கப்பல் சரக்கை எண்ணும் டாலி குமாஸ்தா தணிகாசலம். திருவொற்றியூரிலிருந்து துறைமுகத்துக்கு சைக்கிளில் போகிற வழியில், தினமும் ஏழே காலுக்கு எங்கள் வாசலில் மணியடிப்பார். "எத்தினி?" என்பார். நான் உள்ளிருந்து இட்லியின் எண்ணிக்கையைச் சொல்வேன். ஒரு கருத்தும் சொல்லாமல் போய்விடுவார். அந்த மௌனத்துக்குப் பயந்துதான் நான் ஏழிலிருந்து ஐந்துக்கு வந்திருந்தேன்.

அன்று ஏழே முக்கால் வரை மணிச்சத்தம் இல்லை. பிறகு கேட்டது. ஆனால் யாரோ நடக்கும் தாளத்தில் விட்டுவிட்டு ஒலித்தது. "நாலு!" என்று கூவிக்கொண்டே வாசலுக்குப் போனேன்.

அங்கே நின்றவர் மஸ்தான் மேஸ்திரி. துறைமுகத்தில் மூட்டை தூக்கும் எட்டுப் பேர் கொண்ட கேங்குக்குத் தலைவர். தணிகாசலத்தின் சைக்கிள் அவர் தோளில் இருந்தது.

"இன்னா மேஸ்திரி, பஞ்சரா?"

"இல்ல சார். டாலி சார் பூட்டாரு."

"எங்கே?" என்று கேட்டேன். பிறந்ததிலிருந்து தமிழ் பேசுகிறவன் கேட்கக்கூடிய கேள்வியல்ல அது.

மேஸ்திரி சைக்கிளை இறக்காமலே சொன்னார். "காசிமேட்டாண்ட சைக்கிள நிறுத்தி, பூட்டிட்டு, கட்டுமரத்து மேல குந்திகினு கீறாரு. மீன் எடுக்க வந்தவங்கோ, காத்து வாங்கறாருன்னு நென்ச்சிகினாங்கோ. இன்னாடா இம்மாம் நேரம் வாங்கறாரேன்னு போய் தொட்டாங்கோ."

"சைக்கிளை ஏன் தூக்கிக்கினு வர்றீங்க?"

"பூட்டி கீதே சார். சாவி அவுரு பாக்கெட்ல கீது. அதுல கை வுட மன்சு வர்ல."

உள்ளே வந்து சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டபோது தட்டைப் பார்த்தேன். ஐந்தாவது இட்லி இல்லை. வீட்டில் வேறு யாரும் தொடவில்லை என்றார்கள். நான்தான் சாப்பிட்டிருக்க வேண்டும்.

அவரைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆனால் தணிகாசலத்தில் எவ்வளவு உங்களுக்குத் தெரியும் என்பது அவரை நீங்கள் எந்த வருஷம் பார்த்தீர்கள் என்பதைப் பொறுத்தது. நான்கு வருஷத்துக்கு முன் பார்த்திருந்தால், இருநூற்று எண்பத்திரண்டு ராத்தல் எடை தெரிந்திருக்கும். அந்தக் காலத்தில் ரிக்‌ஷாக்காரர்கள் அவரைக் கண்டதும் சக்கரத்தைப் பார்ப்பார்கள். பிறகு வானத்தைப் பார்ப்பார்கள். பிறகு யானைக்கவுனியில் தங்களுக்கு ஒரு சவாரி இருப்பது நினைவுக்கு வந்துவிடும்.

அவர் மெலியக் காரணம் மருத்துவர் என்று பலர் நினைத்தார்கள். இல்லை. அது ஒரு சாவு ஊர்வலம். எங்கள் பழைய கிடங்குக் காவலர் ஒருவர் காலமானார், நல்ல பருமன். மஸ்தான் கேங்குதான் பாடை தூக்கியது. திருவொற்றியூரில் வீட்டிலிருந்து சுடுகாட்டுக்கு வழக்கமாக ஓரிடத்தில் இறக்குவார்கள். அன்று அதற்கு மேல் நான்கு இடங்களில் இறக்க வேண்டியிருந்தது. திரும்பும்போது டீக்கடையில், மூட்டை தூக்குகிறவர்களுக்கு இது ஒரு பாரமா என்று தணிகாசலம் கேட்டார்.

மேஸ்திரி தொழில் நுணுக்கத்தை விளக்கினார். "மூட்டைன்னா ஒரே ஆளு நூத்தறுவது ராத்தல் தூக்கிடுவான் சார். தொப்புன்னு போட்லாம் பாரு. கண்ணாடி சரக்கு அப்டியில்ல. போடக்கூடாத சரக்குக்கு ஆளுக்கு நாப்பது ராத்தல், அதான் ரூலு. பொணம் கண்ணாடி சரக்கு சார்."

"அப்போ நான் எத்தினி ஆளு சரக்கு?"

துறைமுகச் சத்தத்தில் பேச்சு கேட்காது. எந்தச் சரக்குக்கு எத்தனை பேர் போக வேண்டும் என்பதை மேஸ்திரி விரலால்தான் காட்டுவார். அன்றும் தணிகாசலத்தை, கப்பலிலிருந்து தொங்கி இறங்கும் பெட்டியைப் பார்ப்பது போல மேலும் கீழும் பார்த்தார். எட்டு விரல்களைக் காட்டினார்.

"பேஜாராவாத சார். நம்ம கேங்கு கரீக்டா எட்டு பேருதான். நாங்க தூக்கறோம் உன்ன."

கடையே சிரித்தது. தணிகாசலமும் சிரித்தார். ஆனால் வடையில் பாதியை மீதி வைத்தார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் என்னிடம் சொன்னார்: "ஐம்பது வருஷமா ஒருத்தருக்கும் பாரமா இருந்ததில்லப்பா. கடைசி நாள்ல எட்டு பேர் தோளை ஒடைக்கணுமா?" அவருக்குப் பிள்ளைகள் இல்லை, உடன்பிறந்தவர்களும் இல்லை. அந்த எட்டுப் பேர்தான் தூக்குவார்கள், கூலி கொடுத்தாலும் வாங்க மாட்டார்கள் என்பதே அவரைத் தைத்தது. நேரே கிடங்குக்குப் போய், சரக்கு நிறுக்கும் பெரிய தராசில் ஏறினார். ஏழு பேருக்கு இருநூற்று எண்பது. அதற்கு மேல் இரண்டு ராத்தல், அதற்கு எட்டாவது ஆள். மேஸ்திரியின் கண்மதிப்பு பிசகவில்லை. தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். நான்கு பேர், நூற்றறுபது. "நாலு ஆள் சரக்கு ஆயிடணும்," என்றார். மனிதர்கள் வாழ்க்கையில் எத்தனையோ ஆக விரும்புகிறார்கள். இது கொஞ்சம் புதிது.

தண்டையார்பேட்டையில் ஒரு பழைய சைக்கிள் வாங்கினார். கடைக்காரர் "ஓட்றதுக்கா, நசுக்கறதுக்கா நைனா?" என்று கேட்டுவிட்டுத்தான் விற்றார். முதல் மாதத்தில் மூன்று முறை சீட்டின் ஸ்பிரிங் சரணடைந்தது. ஒரு நாள் மாலை போலீஸ்காரர் ஒருவர் நிறுத்தினார். அப்போது ஒரு சைக்கிளில் இருவர் போவது குற்றம்.

"ஏன்யா, டபுள்ஸ் போக்கூடாதுன்னு தெரியாது? பின்னாடி குந்திகினு வந்தவன் எங்க?"

"நான் ஒருத்தன்தான் சார்."

"டயரு வேற சொல்லுதேய்யா!"

தணிகாசலம் இதை எல்லோரிடமும் தானே சொல்லிச் சிரிப்பார். "சைக்கிள் பொய் சொல்லாது. எதிர்காத்துல மட்டும் கொஞ்சம் மிகைப்படுத்தும்" என்பது அவர் வாக்கு. அந்த எதிர்காற்றில், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் ஆலைப் புகையுமாக, நான்கு வருஷம் ஒரு நாள் விடாமல் மிதித்தார்.

சாப்பாட்டுக்கும் ஒரு முறை வகுத்தார். டாலி குமாஸ்தாவின் வேலை, கப்பலிலிருந்து இறங்குவதை எண்ணுவது. நான்கு கோடு நிமிர்த்திப் போட்டு, ஐந்தாவதைக் குறுக்கே இழுத்து ஒரு கட்டாக முடிப்பார்கள். தணிகாசலம் சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டு, வாய்க்குள் இறங்கும் எல்லாவற்றுக்கும் கோடு போட ஆரம்பித்தார். கரண்டிச் சோறு ஒரு கோடு. இட்லி ஒரு கோடு. முறுக்கை உடைத்துத் தின்றாலும் முழுக் கோடு. ஓரத்தில் குறிப்புக்கு ஒரு கட்டம். "எண்ணாம தின்னா திருட்டு, எண்ணித் தின்னா இறக்குமதி" என்பார்.

அரிசிக்கு ரேஷன் இருந்த நாட்கள் அவை. கல்யாணத்தில் இத்தனை பேருக்கு மேல் சோறு போடக்கூடாது என்று சட்டம். பெரம்பூரில் ஒரு கல்யாணப் பந்தியில் இவர் உட்கார்ந்து, நோட்டை எடுத்து, பென்சிலை நாக்கில் தொட்டு, முதல் கோட்டைப் போட்டார். பெண்ணின் தகப்பனாருக்கு முகம் வெளுத்துவிட்டது. பின்வரிசையில் இருந்த முப்பது பேர் கொல்லைப்புறமாகக் காணாமல் போனார்கள். "ஐயாவுக்கு நெய் வுடுங்கப்பா! இன்னொரு லட்டு வைங்க!" என்று தகப்பனாரே ஓடிவந்து பரிமாறினார். தான் ரேஷன் அதிகாரி அல்ல என்று தணிகாசலம் சொல்லச் சொல்ல, அது அதிகாரிகளின் தந்திரம் என்று எடுத்துக்கொண்டு மேலும் பரிமாறினார். அந்த ஒரு வேளைக்கு நோட்டில் இரண்டு பக்கம் ஆயிற்று.

வீட்டில் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. அவர் மனைவி ருக்மணி அம்மாள் ஒரு தடவை என்னிடமே முறையிட்டார். "நான் போட்ற சோத்துக்கு பக்கத்துல குந்தி கோடு போட்றாருப்பா. நான் இன்னா கப்பலா?" அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது. பதிலுக்கு அந்த அம்மாள் செய்தது எளிய காரியம். இட்லிக்கு அடியில் நெய்யை ஒளித்து வைத்தார். தணிகாசலம் ஒவ்வொரு தடவையும் கண்டுபிடித்து, குறிப்புக் கட்டத்தில் "பட்டியலில் இல்லாத சரக்கு: நெய். திருப்பி அனுப்பப்பட்டது" என்று எழுதி, இட்லியை மனைவி தட்டுக்கு மாற்றுவார். நான்கு வருஷம் இந்தப் போக்குவரத்து நடந்தது.

சனிக்கிழமை மதியம் கிடங்கில் எடை பார்ப்பது. கேங்கு முழுவதும் கூடிவிடும். சரக்குக்குச் சாக்கின் எடையைக் கழிப்பது போல வேட்டி, சட்டைக்குக் கழித்துக்கொள்வார்கள். மேஸ்திரி தராசைப் பார்த்து வாய் திறக்காமல் விரலைக் காட்டுவார். எட்டு விரல் மூன்றே வாரத்தில் ஏழாயிற்று. அன்று கேங்குக்கு அவர் டீ வாங்கிக் கொடுத்தார். ஏழு ஆறாயிற்று. ஆறு ஐந்தாயிற்று. ஐந்திலேயே ஒரு வருஷம் நின்றது.

கடைசிச் சனிக்கிழமை நானும் இருந்தேன். நூற்றறுபத்தொன்று. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டு மறுபடி ஏறினார். நூற்றறுபத்தொன்றுதான்.

மேஸ்திரி ஐந்து விரல்களைக் காட்டினார்.

"ஒரு ராத்தல்தானே மேஸ்திரி!"

"ரூலு ரூலுதான் சார். ஒரு ராத்தல் ஏறினாலும் ஒரு ஆளு ஏறணும்."

"வர்ற சனிக்கிழம பாரு," என்று சொல்லி, பென்சிலைத் திரும்ப வாங்கிக் காதில் செருகிக்கொண்டு, மிதித்துப் போனார்.

அது சனிக்கிழமை. அவர் இறந்தது திங்கட்கிழமை. இதை நான் பல தடவை கூட்டிப் பார்த்துவிட்டேன். இடையில் ஒரு ஞாயிறுதான் வருகிறது.

திங்கட்கிழமை அவர் வீட்டுக்கு வந்த மருத்துவர், உடலைப் பார்த்துவிட்டு, எத்தனை நாளாகப் படுக்கை என்று என்னைக் கேட்டார். படுக்கவில்லை, சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார் என்றேன். இருதயம் என்றார். ஆறு மாதத்துக்கு முன், இப்படியே இருந்தால் நூறு வயது என்று தணிகாசலத்திடம் சொன்னவரும் இதே மருத்துவர்தான். அதை நான் நினைவுபடுத்தவில்லை. அவருக்கே நினைவு வந்துவிட்டது போலிருந்தது. கைப்பையைத் திறந்து, ஒன்றும் எடுக்காமல் மூடினார்.

மேஸ்திரி என்னைத் தனியாக வாசலோரம் அழைத்துப் போனார். "சார், எட்டு ஆளுன்னு நான் சும்மா தமாசுக்கு சொன்னேன் சார்."

"தெரியும் மேஸ்திரி."

"உனுக்கு தெரியும். அவுருக்கு தெரியுமா?"

 நான் உள்ளே போனேன்.

உள்ளே ருக்மணி அம்மாள் அழவில்லை. கரையிலிருந்து கொண்டுவந்தபோது சட்டைப் பையிலிருந்து எடுத்த சாவியும் நோட்டும் அவர் மடியில் இருந்தன. நோட்டை என்னிடம் நீட்டினார். "காலையில ரெண்டு இட்லிதான் துன்னாரு. ரெண்டாவதுல நெய் வெச்சேன். ஒண்ணும் சொல்லாம பூட்டாரு. எழுதிக்கீறாரா பாருப்பா."

திங்கட்கிழமைக்கு இரண்டு கோடுகள் இருந்தன. குறிப்புக் கட்டத்தில் இருந்ததைப் படித்துக் காட்டினேன்: "பட்டியலில் இல்லாத சரக்கு: நெய், ஒரு கரண்டி. ஏற்றுக்கொள்ளப்பட்டது."

"இன்னொரு தபா படி," என்றார். படித்தேன். அதன் பிறகுதான் அழுதார்.

அந்த நோட்டை அவர் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. இப்போது என்னிடம் இருக்கிறது. தணிகாசலத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதுவும், ஏழே காலுக்கு வாசலைப் பார்க்கும் வழக்கமும்தான். நோட்டில் மீதிப் பக்கங்கள் நிறைய இருக்கின்றன. நான் கோடு போடவில்லை.

மாலை நான்கு மணிக்கு எடுத்தார்கள். கேங்கு முழுவதும் குளித்து, ஈரத் துண்டோடு வந்து நின்றது; சொன்ன சொல்படி எட்டுப் பேர். மேஸ்திரி பாடையின் தலைமாட்டில் நின்று மேலும் கீழும் பார்த்தார். பிறகு கையை உயர்த்தி, கட்டை விரலை மடக்கி, நான்கு விரல்களைக் காட்டினார்.

நான்கு பேர் முன்னால் வந்து தூக்கினார்கள். மற்ற நான்கு பேர் பின்னால் நடந்து வந்தார்கள். சுடுகாடு வரை, வழக்கமாக இறக்கும் ஓரிடத்தைத் தவிர வேறெங்கும் இறக்கவில்லை.