இடது காதில் துளை

ஒரு கிருமிக்கு எதிராகத் தடுப்பூசி போட்ட எலியின் உடலில், அந்தக் கிருமியை அடையாளம் காணும் செல்கள் பெருகும். எலியைக் கொன்று, மண்ணீரலை எடுத்து, அந்தச் செல்களில் மட்டும் ஒட்டும் ஒளிரும் சாயத்தைச் சேர்த்தால் கருவி எண்ணிவிடும். திண்டிவனம் அருகே ஓர் ஆய்வகத்தில் எனக்கு இதுதான் வேலை.

அன்று கருவியின் திரையை இரண்டு முறை பார்த்தேன். ஊசி போடாத எலிகளில் செல்கள் ஒளிர்ந்தன. போட்டவற்றில் ஒன்றுமே இல்லை.

"எந்த எலிக்கும்மா ஊசி போட்ட?" என்று உதவியாளர் நசீமாவிடம் கத்தினேன்.

"நீங்க சொன்ன மாதிரி இடது காதுல ஓட்டை இருந்ததுக்குத்தான்க்கா."

காதில் துளையிட்டவள் நான்; ஊசி போட வேண்டியவற்றுக்கு இடது காதில், மற்றவற்றுக்கு வலது காதில். எலியைக் குப்புற வைத்துத்தான் துளையிடுவேன்.

நசீமா கூண்டிலிருந்த ஓர் எலியை எடுத்து, வயிறு தெரியத் திருப்பினாள். "வயித்துல போடணுமே, இப்படி மல்லாத்திப் புடிச்சிக்கினுதானே பார்ப்பேன்?"

அவளுக்கு இடப்பக்கம் தெரிந்தது எலியின் வலது காது.

"போன மாசமும் இப்படித்தான்க்கா புடிச்சேன்."

போன மாதமும் முடிவு தலைகீழாகத்தான் வந்தது. சாயம் கெட்டுவிட்டது என்று நான்தான் அந்த முடிவைத் தூக்கிப்போட்டேன்.

செத்துப்போன எலிகள் அப்போதே உண்மையைச் சொல்லியிருந்தன. நான் நம்பாததால், இன்னொரு கூண்டு எலிகளும் செத்தன.