‘ஞாபகம் இருக்கு’ என்று சொன்னேன்

நெய்வேலி நகரியத்தில் சிலர் என்னை ‘ஞாபக டீச்சர்’ என்றே கூப்பிடுவார்கள். பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். பொதுத்தேர்வு நெருங்கும் மாதங்களில், சனிக்கிழமைதோறும், படித்ததை மறக்காமல் வைத்துக்கொள்ளும் வழிகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பேன். வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியைக் கண்ணை மூடி நினைத்து, ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு விடையை வைக்கச் சொல்வேன். ரவுண்டானாவில் இதயத்தின் அறைகள், பால் பூத்தில் வால்வுகள். பிளாக் பிளாக்காகப் பிரிந்து, தெருக்கள் நேர்நேராக ஓடும் ஊர் என்பதால் பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள்.

பொங்கல் கழிந்த ஒரு சனிக்கிழமை, வகுப்பு முடிந்து மெயின் பஜாரில் காய் வாங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் என் மாணவி ஒருத்தியின் அம்மா.

“எங்க பொண்ணு இப்ப எல்லாத்தையும் கடகடன்னு சொல்றா மேடம். உங்களுக்கெல்லாம் மறதின்னு ஒண்ணு இருக்குமா?”

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அதே நேரத்தில் ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வேகமாக என்னிடம் வந்தார். கான்ட்ராக்ட் வேலைக்குப் போகிறவர்கள் புடவைக்கு மேல் போடும் சட்டை போட்டிருந்தார். நெற்றி ஓரத்தில் சின்னத் தழும்பு.

“டீச்சர், நல்லா இருக்கீங்களா? வூட்ல எல்லாரும் சௌக்கியமா?”

பார்த்த முகம்தான். எங்கே பார்த்தேன் என்பதுதான் வரவில்லை. ‘யாரென்று தெரியவில்லை’ என்று சொல்லியிருக்கலாம். மாணவியின் அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதனால், சுரங்கத்தில் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள் நிறைந்த இந்த ஊரில் எந்த வீட்டுக்கும் பொருந்துகிற கேள்வி ஒன்றைக் கேட்டுவைத்தேன்.

“நல்லா இருக்கேன்மா. உங்க வீட்டுக்காரர் எப்படி இருக்கார்? இன்னும் நைட் ஷிப்ட்தானா?”

அவர் முகத்திலிருந்த மலர்ச்சி போய்விட்டது.

“அவரு தவறிட்டாரே டீச்சர். நீங்ககூட வந்தீங்களே. என் கையப் புடிச்சிக்கினு பக்கத்துலயே ஒக்காந்துகினு இருந்தீங்க.”

“ஆமா ஆமா, ஞாபகம் இருக்கு. ஏதோ நெனப்புல கேட்டுட்டேன்” என்றேன்.

எனக்கு எதுவும் ஞாபகம் இல்லை. அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். மாணவியின் அம்மா குனிந்து தக்காளி பொறுக்க ஆரம்பித்தார்.

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். தழும்பைச் சொன்னதுமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

“பின் தெருவுல இருந்தவங்கப்பா. முருங்கைக்கீரை பறிக்க நம்ம வீட்டுக்கு வருவாங்களே. அவர் போனப்புறம் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிட்டு குறிஞ்சிப்பாடிக்குப் போயிட்டாங்க.”

முருங்கை என்றதும் எல்லாம் வந்துவிட்டது. எங்கள் கேட், அதைத் திறக்காமல் வெளியே நின்றே கூப்பிடும் குரல், வளைத்துப் பிடித்த கிளைக்குப் பின்னால் அந்த முகம். மனம் முகத்தைத் தனியாக எடுத்துவைப்பதில்லை. பார்த்த இடத்தோடு சேர்த்தே வைக்கிறது. இடம் மாறினால் முகம் பிடிபடாது. சாவு வீட்டில் அவர் கையைப் பிடித்திருந்தபோது நான் திருத்தாமல் விட்டுவந்த விடைத்தாள்களை நினைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே போகாத ஒன்றை எந்த முறையாலும் வெளியே எடுக்க முடியாது. இதையெல்லாம் நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஒரு நாள் முழுக்க இதைச் சொல்லி என்னைச் சமாதானப்படுத்திப் பார்த்தேன். நடக்கவில்லை. மறந்ததற்குக் காரணம் இருந்தது, நடித்ததற்கு இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குறிஞ்சிப்பாடிக்குப் பஸ் ஏறினேன். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தபோது அவர் வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலி எடுத்துப் போட்டார். உட்காராமலே சொன்னேன்.

“அன்னைக்கு எனக்கு உங்களைத் தெரியல. தெரிஞ்ச மாதிரி நடிச்சேன். மன்னிச்சிடுங்க.”

“தெரியும் டீச்சர். நைட் ஷிப்ட்டான்னு கேட்டீங்க. அவரு கடைசி வரைக்கும் ஜெனரல் ஷிப்ட்தான்.”

சொல்லிவிட்டு என்னை உட்காரச் சொன்னார். “எனக்கு மட்டும் என்ன? அன்னைக்கு யாரு வந்தாங்க, யாரு என்னா சொன்னாங்க, ஒண்ணும் நெனப்புல இல்ல. உங்க கை மட்டுந்தான் நெனப்புல நின்னுச்சு. அதான் பஜார்ல பாத்ததும் ஓடியாந்தேன்.”

என் வெட்கம் அதைக் கேட்டுத் தீரவில்லை, கூடியது. அவர் பத்திரமாக வைத்திருந்த அந்தக் கையில் அன்று நான் இல்லை.

“அவரைப் பத்திச் சொல்லுங்க” என்றேன்.

சொன்னார். சுரங்கத்தில் அத்தனை பெரிய இயந்திரத்தை ஓட்டியவருக்குப் பல்லி என்றால் பயமாம். குளியலறையில் பல்லி இருந்தால் இவர் போய் விரட்டும்வரை வெளியிலேயே துண்டோடு நிற்பாராம். வாரம் தவறாமல் தங்கை வீட்டுக்குப் போய்வருவாராம். சொல்லிச் சிரித்தவர், சிரிப்பு முடியும் முன்பே அழுதார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

திரும்பும் பஸ்ஸில் அவர் சொன்னதையெல்லாம் எனக்கு நானே ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். கேட்டதைத் திரும்பச் சொல்லிப் பார்த்தால்தான் தங்கும். வடலூர் வருவதற்குள்ளேயே ஓர் இடத்தில் நின்றுவிட்டது. தங்கை எந்த ஊர் என்று சொன்னார்?

கிளம்பும்போது அவர் நம்பரை வாங்கிவந்திருந்தேன். ஃபோன் பண்ணக் கூச்சமாக இருந்தது. பண்ணினேன். மறந்துவிட்டேன் என்றே சொல்லிக் கேட்டேன்.

“விருத்தாசலம் பக்கம் டீச்சர்” என்றார், சாதாரணமாக.