நாலு மூட்டை மணல்

எத்திராஜ் குனிந்தபடி பின்பக்கமாகவே நடந்து வருகிறார். கையில் அடியில் ஆணியால் ஓட்டை போட்ட பால்பவுடர் டப்பா. இரண்டு எட்டுக்கு ஒருமுறை அதை விரலால் தட்ட, சுண்ணாம்புத் தூள் வெள்ளைக் கோடாக விழுகிறது. அயனம்பாக்கம் ஏரிக்கரைக்கு இரண்டு தெரு தள்ளி, சுற்றிலும் மாடி வீடுகள் வந்துவிட்ட பிறகும் காலியாகக் கிடக்கும் ஐந்தாறு மனை அது. ஞாயிற்றுக்கிழமை, இப்போதுதான் விடிகிறது. தெருவில் போன மோட்டார் சைக்கிள் ஒன்று வேகம் குறைந்து நிற்கிறது.

"அண்ணாத்தே, மனை புச்சா பிரிக்கிறீங்களா? சதுர அடி இன்னா போவுது?"

எத்திராஜ் நிமிர்வதில்லை. "விக்கிறதுக்கு இல்லபா. ஓட்றதுக்கு."

"ஓட்றதுக்கா?"

"ஆமா. அப்பால வந்து பாரு. தொப்பையெல்லாம் ஓடும். சொம்மா சிரிச்சிட்டு போவலாம்."

அம்பத்தூரைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டால், காலி நிலத்தில் வெள்ளைக் கோட்டுக்கு ஒரே அர்த்தம்தான். யாரோ விற்கிறார்கள், நாம் முந்திக்கொள்ள வேண்டும். வாரத்துக்கு ஒருவராவது வந்து விலை கேட்டுவிடுகிறார்கள். ஒருமுறை ஒரு தம்பதி திசைகாட்டியோடு வந்து, மணல் மூட்டை ஒன்று கிடந்த இடத்தில் சமையலறை, கிணறு மட்டும் கொஞ்சம் தள்ளி வெட்டிக்கொள்ளலாம் என்று முடிவே செய்துவிட்டார்கள். அவர்களிடம் இது பேஸ்பால் ஆட்டத்துக்குப் போட்ட கோடு என்று சொல்ல எத்திராஜுக்கு மனசே வரவில்லையாம்.

ஆமாம், பேஸ்பால்தான். அமெரிக்காக்காரர்கள் ஆடுகிற அதே ஆட்டம். அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு செய்கிற சின்னக் கம்பெனி ஒன்றில் லேத் ஓட்டி ஓய்வு பெற்ற எத்திராஜ், தன் வயதை ஒத்த பழைய ஃபிட்டர்களையும் பேக்கிங் ஆட்களையும் சேர்த்துக்கொண்டு ஞாயிறுதோறும் இதை ஆடுகிறார். மட்டை அவரே லேத்தில் கடைந்தது. பூவரசங்கட்டை. பந்துக்கு மட்டும் பெரியமேட்டுக் கடைக்குப் போகவேண்டும். முழங்கால் ஒத்துழைக்காதவர்களுக்காக ஓடுகிற தூரத்தைக் குறைத்திருக்கிறார்கள். சர்க்கரை மாத்திரை போட்டவர்கள் நடுவில் பிஸ்கட் சாப்பிட ஆட்டத்தை நிறுத்தலாம் என்பது இவர்களாகச் சேர்த்துக்கொண்ட விதி.

ஓடிப்போய்த் தொடவேண்டிய நாலு இடங்களில் நாலு மணல் மூட்டைகள் கிடக்கும். அவற்றை எத்திராஜ்தான் கோணி ஊசியால் தைக்கிறார். துணி, கட்சிக் கூட்டம் முடிந்து கழற்றிப் போட்ட ஃப்ளெக்ஸ் பேனர். முதல் மூட்டை அவருடைய கட்சி. இரண்டாவது, அவருடைய நண்பர் தட்சிணாமூர்த்தி வட்டச் செயலாளராக இருக்கும் எதிர்க்கட்சி. மூன்றாவது, தாங்கள் இப்போது எந்தக் கூட்டணியில் இருக்கிறோம் என்பதை அந்தக் கட்சிக்காரர்களே பேப்பர் பார்த்துத் தெரிந்துகொள்கிற கட்சி. நாலாவது யாரோ ஒரு குழந்தையின் காதுகுத்து பேனர். தைக்கும்போது ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருப்பார். படத்தில் இருக்கிற முகம் உட்பக்கம்தான் போகவேண்டும். "யாரா இருந்தா இன்னா, மூஞ்ச மிதிக்கக் கூடாது" என்பார். எதிர்க்கட்சித் தலைவரின் முகத்துக்கும் அதே மரியாதைதான்.

அரசியல் பேச அவருக்கு வேறு மேடை தேவையில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு ஏதாவதொரு மூட்டையின் மேல் நின்றபடியே ஆரம்பித்துவிடுவார். "ஒரே மூட்டைல நின்னுகினு இருந்தா ஆட்டம் நவுராது, ஓடத்தான் ஓணும். ஆனா எல்லாத்தையும் தொட்டுட்டு கெளம்புன எட்துக்கே வந்து சேரணும். நம்ம ஆளுங்க நல்லாத்தான் ஓட்றானுங்க. வந்து சேர்றது தான் இல்ல." அவருடைய மனைவி பூங்காவனம் தட்சிணாமூர்த்தியின் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவர். தேர்தலன்று இருவரும் ஒரே ஆட்டோவில் போய், ஒருவர் போட்ட ஓட்டை மற்றவர் ஓட்டு செல்லாததாக்கிவிட்ட திருப்தியோடு ஒன்றாகவே வந்து டிபன் சாப்பிடுவார்கள்.

கிரிக்கெட் பற்றி எடுத்தால் அவருக்குப் பொறுக்காது. "அதுல ஒரு வாட்டி உட்டா, போய்க்கினே இருன்றான். இதுல ஒரு வாட்டி உடு, ரெண்டு வாட்டி உடு, இன்னொரு பந்து குட்றான். பத்துல மூணு அட்ச்சா அவன்தான் பெரிய ஆளு. எங்க கவுன்சிலர் பத்துல மூணு செய்யட்டும், நானே மால போட்றேன்." தன் வாழ்க்கைக்கும் அவர் வைத்திருக்கிற கணக்கு இதுதான். எட்டாம் வகுப்பில் தவறியது ஒன்று. அண்ணனோடு சேர்ந்து சைக்கிள் கடை வைத்து மூடியது இரண்டு. "மூணாவது பந்து லேத்து. மாட்டிக்கிச்சு." இதைச் சொல்லும்போது அந்த முகத்தைப் பார்க்கவேண்டும். லாட்டரி விழுந்தவர்கூட இவ்வளவு சந்தோஷமாகச் சொல்ல மாட்டார்.

இந்த ஆட்டம் அவரிடம் வந்து சேர்ந்த கதைக்குக் காரணம் கோழி. அவர் சின்னப் பையனாக இருந்தபோது, வெள்ளைக் கோழி வளர்ப்பது எப்படி என்று சொல்லித்தர அமெரிக்காவிலிருந்து ஓர் இளைஞர் இதே அயனம்பாக்கத்துக்கு வந்து தங்கினார். ஊர் அவருக்குக் 'கோழி துரை' என்று பெயர் வைத்தது. பகலெல்லாம் கோழி, சாயங்காலம் அறுவடை முடிந்த வயலில் பையன்களோடு பந்து. மட்டைக்காகத் தன் அம்மாவின் உலக்கையைத் தூக்கிக்கொண்டு போய் அறுத்துக் கொடுத்தவர் எத்திராஜ்தான். அதற்கு வாங்கிய அடியை இன்றும் பெருமையாகத்தான் சொல்கிறார். ஒருநாள் துரை அடித்த பந்து கரையைத் தாண்டி ஏரிக்குள் போய் விழுந்தது. தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. மற்ற பையன்கள் லாரி ஓட்டவும் போலீஸ் ஆகவும் ஆசைப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், ஒரே ஒரு பந்தை அப்படி ஏரிக்குள் அடித்துவிட்டால் போதும் என்று எத்திராஜ் ஆசைப்பட்டார். துரை ஊருக்குத் திரும்பினார், கோழிகளும் போய்விட்டன, ஆசை மட்டும் போகவில்லை. இன்றும் பால் பூத் வரிசையில் நின்றபடி ஃபோனில் அமெரிக்க ஆட்டம் பார்க்கிறார். அங்கே ராத்திரி ஆட்டம், இங்கே காலைப் பால் நேரம். இப்படி ஒத்துப்போனதற்காகவே பூமி உருண்டையாக இருப்பதை அவர் மிகவும் மெச்சுகிறார்.

மனைகள் ராகவன் என்பவருடைய குடும்பத்துச் சொத்து. பெங்களூரில் உத்தியோகம். இவர்கள் ஆடத் தொடங்கிய புதிதில் அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் வந்து இறங்கினார். தன் நிலத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டிருப்பதைப் பார்த்ததும், எவனோ போலிப் பத்திரம் தயார் செய்து மனையை விற்கிறான் என்றே முடிவு கட்டிவிட்டார். "யாருய்யா நீங்க? போலீஸைக் கூப்பிடட்டுமா?" என்று கத்தினார். கையில் மட்டையோடு எதிரே நின்ற எத்திராஜ், "ஒரு வாட்டி அட்ச்சு பாருங்க சார்" என்று மட்டையை நீட்டினார். ராகவன் அந்தத் தொப்பைகளையும் மூட்டைகளையும் பார்த்தார். கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் சிரித்துவிட்டார்.

"ஆடிட்டே இருங்க" என்றார் கிளம்பும்போது. "ஆள் நடமாட்டம் இருந்தாத்தான் எவனும் வேலி போடமாட்டான். எனக்குத் தேவைப்படறப்போ சொல்றேன்."

இந்த ஆடி மாதக் கடைசியில் அந்த ஃபோன் வந்தது. ராகவன் ஓய்வு பெற்றுவிட்டாராம். ஆவணியில் பூமி பூஜை, வீடு கட்டிக் குடிவரப் போகிறார். மீதி மனைகளைத் தம்பிகள் எடுத்துக்கொள்கிறார்கள். அடுத்த ஞாயிறு பிஸ்கட் இடைவேளையில் எத்திராஜ் இதைச் சொன்னார். பாதி பேருக்கு வாரத்தில் வீட்டைவிட்டு வெளியே வர இருக்கிற ஒரே சாக்கு இந்த ஆட்டம். சுற்றுவட்டாரத்தில் இன்னொரு காலி மனைக்கு எங்கே போவது?

தட்சிணாமூர்த்திதான் ஒரு வழி சொன்னார். பந்து எறிகிறவர் அவர். கம்பெனியில் முப்பது வருஷம் எத்திராஜுக்குப் பக்கத்து மெஷின். "மாமே, இதுக்கு போய் மூஞ்ச தொங்கப் போட்டுகினு? எங்க கொடிக் கம்பம் ஒண்ணு சொம்மாத்தான் கீது. மூலைல நட்டுட்டோம்னா ஒரு பய கை வெக்க மாட்டான். தேர்தல் வேற வரப் போவுது. கேஸு கீஸுன்னு போனாகூட நாலஞ்சு வருசம் ஓடிடும். நாம ஆட்ற வரிக்கும் ஆடிட்டு போலாம்."

இரண்டு பேர் தலையாட்டினார்கள். எத்திராஜின் கையிலும் மட்டை ஒரு நிமிஷம் அப்படியே நின்றது. அவருக்கும் ஆசை இல்லாமல் இல்லை. ஏரிக்கரை அதோ, வீடுகளுக்குப் பின்னால், இன்னும் எட்டாமலே இருக்கிறது. பிறகு மட்டையைக் கீழே வைத்தார்.

"வேணாம் மூர்த்தி. அந்த மனுசன் இன்னாத்துக்கு பயந்தாரோ அத்தையே நாம செய்யலாமா? சின்ன வயசுல ஒர்த்தன் எங்கிருந்தோ வந்து எனுக்கு இந்த ஆட்டத்த சொம்மா குட்த்தான். வயசான காலத்துல இன்னொர்த்தர் எடத்த சொம்மா குட்த்தாரு. ரெண்டு பேரும் எங்கிட்ட இன்னா கேட்டாங்க சொல்லு? ஒண்ணியும் கேக்கல. இவரு இப்ப கேக்கறது அவரோட எடத்த."

"நீ பெரிய உத்தமன், நாங்கள்லாம் திருட்டுப் பசங்க. அதானே?" தட்சிணாமூர்த்தி பிஸ்கட் பொட்டலத்தைக் கீழே போட்டுவிட்டு வண்டியை உதைத்துக் கிளப்பினார். எத்திராஜ் கூப்பிட்டும் திரும்பவில்லை.

கடைசி ஞாயிற்றுக்கும் அவர் வரவில்லை. வேறொருவர் எறிந்தார். எத்திராஜ் வழக்கம்போல இரண்டு பந்தை விட்டார். மூன்றாவது மட்டையில் நன்றாகவே பட்டது. உயரப் போன பந்து மூன்றாவது வீட்டு மாடியில் இருந்த தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் மோதி, மூடி திறந்திருந்ததால் உள்ளேயே விழுந்துவிட்டது. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "தொரை அட்ச்சது ஏரித் தண்ணி. நான் அட்ச்சது சிண்டெக்ஸ் தண்ணி. எனுக்கு இது போதும்பா" என்றார் எத்திராஜ். போதும் என்று அவர் சொன்னால் நிஜமாகவே போதும். வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போல, "வாசல்ல ஒரு நாளு கோலமாவு டப்பாவ எட்த்து குட்த்திருப்பியா? ஊரான் மனைல போய் கோடு போட்டுகினு கீறே" என்று பூங்காவனம் ஆரம்பித்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு டம்ளரில் மோர் கொண்டுவந்து வைத்தார். "மூர்த்தியண்ணன் வந்தாரா?" என்று கேட்டார். எத்திராஜ் மோரைக் குடித்து முடித்த பிறகுதான் இல்லை என்று தலையாட்டினார்.

பூமி பூஜையன்று மேஸ்திரி வர நேரமாகிவிட்டது. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. ராகவன் தவித்துக்கொண்டு நின்றதைப் பார்த்த எத்திராஜ் வீட்டுக்குப் போய் டப்பாவை எடுத்துவந்தார். ராகவன் வரைபடத்தைப் பிரித்துக் காட்ட, இவர் கயிறு பிடித்து, பின்பக்கமாகவே நடந்து, தட்டித் தட்டி வீட்டுக்குக் கோடு போட்டார். கோடு முடிகிற நேரத்தில் தெருவில் ஒரு கார் நின்றது. "மனை விக்கிறாங்களா?" என்றார் உள்ளே இருந்தவர்.

"விக்கறதுக்கு இல்ல சார். இவரு ஊடு கட்டி குடி வர்றாரு" என்றார் எத்திராஜ். சொல்லும்போது வரப்போகிற பக்கத்து வீட்டுக்காரரைக் காட்டுகிற சந்தோஷம் குரலில் இருந்தது.

ஐயர் மந்திரம் சொல்லி முடித்து, குழிக்குள் செங்கல் வைத்தார்கள். எத்திராஜ் ஓரமாக அடுக்கியிருந்த மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்து வந்தார். தையலைப் பிரித்து மணலைக் குழிக்குள் கொட்டினார். "எதுக்குங்க?" என்றார் ராகவன். "நல்ல மணலு சார். சலிச்சது. உங்க ஊட்டுக்கு இருக்கட்டும்." ராகவன் தானும் குனிந்து ஒரு மூட்டையைத் தள்ளிக் கொடுத்தார்.

கடைசி மூட்டையைத் தூக்கும்போதுதான் தெரு முனையில் வண்டியின் மேல் உட்கார்ந்திருந்த தட்சிணாமூர்த்தியைப் பார்த்தார். எவ்வளவு நேரமாக உட்கார்ந்திருந்தாரோ தெரியவில்லை. கம்பம் எதுவும் கொண்டுவரவில்லை. உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை.

எத்திராஜ் மூட்டையைக் காலி செய்து, சாக்கை உள்வெளியாகத் திருப்பி உதறினார். இத்தனை நாள் உள்ளே இருந்த முகம் வெளியே வந்தது. தட்சிணாமூர்த்தியின் கட்சித் தலைவர், பல் தெரியச் சிரித்தபடி, கன்னமெல்லாம் மணல். எத்திராஜ் தோள் துண்டை எடுத்தார். தான் ஒருநாளும் ஓட்டுப் போடாத அந்த முகத்தை நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் பொறுமையாகத் துடைத்தார். முகம் மடங்காமல் நாலாக மடித்து, இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு, தெருவைக் கடந்து நண்பரிடம் போனார்.