சங்கு ஊதியதும் வந்த மாலை

எங்கள் ஊரில் மில் சங்கு இன்னும் ஊதுகிறது. இன்று காலை அது ஊதும் நேரம் பார்த்து, என் மாமனார் மெட்ராஸிலிருந்து வழக்கம்போல என் அப்பாவுக்குப் போன் போட்டார். "சம்பந்தி, இருக்கீங்களா?"

மாமனார் மெட்ராஸ்காரர். தொண்ணூறுகளில் என்னைப் பெண் கேட்டுக் கோயம்புத்தூர் வந்தவர், காந்திபுரத்தில் எஸ்டிடி பூத்திலிருந்து எங்கள் வீட்டுக்குப் போன் செய்து அப்பாவைக் கேட்டார்.

அம்மா சொன்னாள், "இப்பத்தானுங்க சங்கு ஊதுச்சு. அவரு போயிட்டாருங்க."

அம்மா சொன்னது ஷிப்டுக்குப் போனதை. இங்கே மில் சைரனுக்குப் பெயரே சங்குதான். அது மெட்ராஸ்காரருக்கு எப்படித் தெரியும்?

சாயங்காலம் பெரிய ரோஜா மாலையோடு, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். ஷிப்டு முடிந்து வந்திருந்த அப்பாவே கதவைத் திறந்தார்.

"ஆருங்க?"

"மெட்ராஸ்... பொண்ணு விஷயமா..." என்று உளறிய மாமனார், வேறு வழி தெரியாமல் மாலையை அப்பா கழுத்திலேயே போட்டுவிட்டார்.

அப்பா உருகிப்போனார். "பொண்ணு ஊட்டுக்காரனுக்கு எதுக்குங்க இத்தன மரியாதை?"

சம்பந்தம் அங்கேயே முடிவானது. உண்மை வெளியே வந்தது கல்யாணத்துக்கு அப்புறம்தான்.

இன்று காலை அப்பா சொன்ன பதில்: "இருக்கேனுங்க சம்பந்தி. அவசரப்பட்டு மாலை வாங்கிப்போடாதீங்க."